அம்மா வெறுமையாக விடச் சொன்ன கட்டம்

பதினெட்டு வயதில், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம்கூட அனுப்பாமலே, எங்கள் சனத்துக்கு நான் பல் டொக்டராகிவிட்டேன். கனடாவில், ரொக்ஸ்பரோ என்கிற இடத்தில் ஒரு பிறந்தநாள் விழா. தூரத்து மாமா ஒருவர் மீன் ரோல்ஸைக் கடித்து விழுங்கிய கையோடு என் முன்னால் வாயை ஆவென்று திறந்தார்.

"பிள்ளை, இந்தக் கடைவாய்ப் பல்லை ஒருக்காப் பாரன். குளிர் தண்ணி பட்டாக் கூசுது."

மீன் துண்டைத் தவிர எனக்கு அங்கே ஒன்றும் தெரியவில்லை. "குளிர் தண்ணி குடியாதேங்கோ மாமா" என்றேன். "பாத்தியே, கையே வைக்காமல் மருந்து சொல்லிப்போட்டாள்" என்று அவர் பக்கத்து மேசைக்கெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். அம்மாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. எனக்குத்தான் ரோல்ஸ் இறங்கவில்லை.

எங்கள் கியூபெக் மாகாணத்தில் பல் மருத்துவத்துக்குப் போக இரண்டு வழி உண்டு. பள்ளிக்கூடம் முடிந்ததும் சீஜெப் என்று இரண்டு வருடக் கல்லூரி. அங்கே நன்றாக வெட்டிக் கிழித்தால் நேரே போகலாம். இல்லாவிட்டால் வேறொரு பட்டப்படிப்பைத் தொடங்கி, அதில் வெட்டிக் கிழித்துவிட்டு மறுபடி விண்ணப்பிக்கலாம். வெறும் புள்ளியைப் பார்க்க மாட்டார்கள். கூடப் படிக்கிற பிள்ளைகளைவிட நீ எவ்வளவு மேலே நிற்கிறாய் என்று கணக்குப் பார்த்து ஓர் எண் தருவார்கள். எங்கள் ஆட்கள் கலியாண வீடுகளில் வாயாலேயே செய்துவிடுகிற வேலையை இங்கே மூன்று தசமதானத்துக்குச் செய்கிறார்கள். என்னுடைய எண் மோசமில்லை. நல்லது என்றும் சொல்ல முடியாது. வாசல்வரைக்கும் கொண்டுபோய் விடும், உள்ளே கூப்பிடுவார்களா என்று தெரியாது.

இணைய விண்ணப்பத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: முதல் விருப்பம், இரண்டாவது விருப்பம். முதலாவதில் பல் மருத்துவம் என்று நான் அடித்ததும், பின்னால் நின்ற அம்மா, "மற்றதை வெறுமையா விடு" என்றார்.

"ஏன்?"

"ரெண்டாவது எழுதினா ரெண்டாவதுதான் கிடைக்கும். ஆத்தில ஒரு கால் சேத்தில ஒரு காலா நிக்காதை. பிள்ளையாருக்கு ரெண்டு விலாசம் குடுத்தா அவர் எந்த வீட்டுக்கு எண்டு போறது?"

"அம்மா, பல் கிடைக்காட்டி..."

"உன்ர நாக்கில சனியன்! அந்தச் சொல்லு இந்த வீட்டில கதைக்கப்படாது."

லாசால் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவந்த அப்பா சோபாவில் இருந்து தலையை ஆட்டினார். யாருக்கு ஆட்டினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது.

கல்லூரியில் ஆலோசனை சொல்லும் பெண்மணி இதற்கு நேர்மாறு. "பல் மருத்துவம் கடைசிவரை கிடைக்காமலே போனாலும், மூன்று வருடம் சலிக்காமல் படிக்கக்கூடிய ஒன்றை இரண்டாவதாக எழுது" என்றார். எனக்கு அப்படி ஒன்று இருந்தது. ஒருநாள் ஆய்வுகூடத்தில் எங்கள் பல்லிடுக்கைச் சுரண்டி நுண்நோக்கியில் வைத்துப் பார்க்கச் சொன்னார்கள். நான் வடிவாகப் பல் தீட்டிவிட்டுத்தான் போயிருந்தேன். அப்படியிருந்தும் உள்ளே நல்லூர்த் தேர்க் கூட்டம். நீந்துவதும் முட்டுவதும் சுருள் சுருளாக ஓடுவதுமாக என்ன அமர்க்களம்! அடுத்த வகுப்புக்காரர் வந்து எழுப்பும்வரை நான் கதிரையை விட்டு எழும்பவில்லை. பல்லைவிடப் பல்லில் குடியிருப்பவர்களில்தான் எனக்கு ஆசை வந்துவிட்டது. அம்மா உலை வைக்கப் போன நேரம் பார்த்து இரண்டாவது கட்டத்தில் நுண்ணுயிரியல் என்று அடித்து அனுப்பிவிட்டேன்.

பனி கரையத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை பதில் வந்தது. பல் மருத்துவம் இல்லை. நுண்ணுயிரியல் தருகிறோம், வருவதென்றால் ஏற்றுக்கொள் என்று ஒரு பொத்தான்.

தலையணைக்குள் முகத்தைப் புதைத்து அழுதேன். ஆசைப்பட்டு எழுதிய பாடம்தான். ஆனால் கிடைத்தவுடன் அது தோற்றவளுக்குப் போட்ட பிச்சை மாதிரி இருந்தது. வாயைத் திறந்து காட்டிய மாமாவின் முகத்தில் எப்படி முழிப்பது? வேண்டாமென்று பதில் போட்டுவிட்டு, ஒரு வருடம் வீட்டில் இருந்து அடுத்த முறை பல்லுக்கே திரும்பவும் போடுவது என்று முடிவெடுத்தேன். வீட்டில் குந்தியிருந்தால் எண் வளராது என்று எனக்குத் தெரியாதா? வெட்கம் வந்தால் கணக்கு மறந்துவிடுகிறது.

குசினியில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். பல் கிடைக்கவில்லை என்றேன். களவாக இரண்டாவது எழுதியதையும் அது கிடைத்ததையும் சொன்னேன்.

"அப்ப அதுதான்! வந்த முதலாவதை நீயே துரத்திப்போட்டாய்."

"விசர்க்கதை கதையாதேங்கோ அம்மா! உங்களுக்கு உதைப் பற்றி என்ன தெரியும்?" வீடு அதிரக் கத்தினேன்.

அம்மா கத்தியை வைத்தார். "தெரியும். நானும் எழுதினனான்."

அம்மா யாழ்ப்பாணத்தில் ஏ லெவல் வரை படித்தவர். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"டொக்டருக்கு முதலாவது போட்டனான். விவசாயம் ரெண்டாவது. விவசாயம்தான் வந்தது."

"பேந்து?"

"போகேல்ல."

"சண்டையே?" என்று கேட்டேன். எங்கள் வீட்டில் நடக்காமல் போன எல்லாவற்றுக்கும் ஊரில் நடந்த யுத்தம்தான் காரணம்.

"இல்லை. என்னோட படிச்சவளவை சண்டைக்குள்ளையும் சைக்கிளில யூனிவர்சிட்டிக்குப் போனவளவை. எனக்கு வெக்கம். ரெண்டாவதுக்குப் போறதோ, அடுத்த வருசம் பாப்பம் எண்டு வீட்டில இருந்திட்டன். அடுத்த வருசம் கலியாணம்."

என் முடிவை நான் இன்னும் சொல்லவில்லை. இப்போது எப்படிச் சொல்வது?

"பதில் அனுப்பிட்டியே?" என்று அம்மா கேட்டார்.

நான் மீன் சட்டியைப் பார்த்தேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். என் முடிவைக் கண்டுபிடிக்கப் பெற்றவளுக்கு எவ்வளவு நேரம் தேவை? கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்து ஸ்காபரோவில் இருக்கிற பெரியம்மாவுக்கு அடித்தார். பெரியம்மாவுக்கு ஒன்றைச் சொன்னால் பின்னேரத்துக்குள் கனடா முழுக்கத் தெரிந்துவிடும்.

"அக்கா, பிள்ளைக்குப் பல் கிடைக்கேல்ல. ஓம், கிடைக்கேல்ல. ரெண்டாவதுதான் கிடைச்சிருக்கு. கிருமிப் படிப்பு. ஓமோம், போறாள். எல்லாருக்கும் சொல்லுங்கோ."

பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னிடம் திரும்பினார்.

"என்னடி பாத்துக்கொண்டு நிக்கிறாய்? ஓடிப்போய் ஓம் எண்டு அமத்து."