யானைமயிர் மோதிரத்தின் சொந்தக்காரன்

பக்கத்து அப்பார்ட்மென்டில் இருந்த அங்கிளோடு நான் ஒரு வருஷத்துக்கு மேல் முகம் கொடுத்துப் பேசவில்லை. லிஃப்டுக்குள் அவர் நின்றால் அடுத்த லிஃப்டுக்குக் காத்திருப்பேன். அவர் செய்த குற்றம், விமான நிலையத்தில் உண்மையைச் சொன்னது.

தொண்ணூறுகளின் பிற்பகுதி. கனடாவில், ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். தம்பி கொழும்பில் ஒரு லொட்ஜில் கிடந்தான். அவனைக் கனடாவுக்கு ஏற்றிவிடுவதாகக் காசு வாங்கிய ஏஜென்சிக்காரன் இந்தா அனுப்புகிறேன், அந்தா அனுப்புகிறேன் என்று இழுத்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் மத்தியானம் எங்களோடு பேசப்போவதாகச் சொல்லிவிட்டுத் தம்பி ரெலிபோன் கடைக்கு இறங்கிப் போயிருக்கிறான். எங்களுக்கு அழைப்பு வரவில்லை. அவன் லொட்ஜுக்கும் திரும்பவில்லை. விசாரித்த இடமெல்லாம் தெரியாது என்றார்கள். அவன் குளிக்கும்போது கழற்றிச் சவர்க்காரப் பெட்டிக்குள் வைத்த மோதிரம் மட்டும் அங்கேயே கிடந்ததாம். லொட்ஜ் முதலாளி நல்ல மனுஷன், அதை எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்தார்.

அது யானைமயிர் மோதிரம். ஊரில் பெடியன்கள் காணாமல் போகத் தொடங்கிய காலத்தில் அம்மா பத்தரிடம் சொல்லிச் செய்வித்தது. கறுத்துத் தடித்த யானை வால்மயிரைத் தங்கத்துக்குள் வைத்துக் கட்டியிருக்கும். அது விரலில் கிடந்தால் பயம் அண்டாது, கெட்டது கிட்ட வராது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்ததில்லை. அம்மாவுக்கு இருந்தது. மோதிரம் விரலில் இல்லாத நேரம் பார்த்துத்தான் பிள்ளைக்கு ஏதோ நடந்தது என்பது அவருடைய முடிவு. மோதிரம் முதலில் தன் கைக்கு வந்து சேரவேண்டும், அதற்குப் பின்னால் அவனும் வந்து சேருவான் என்று சாப்பாட்டை அரைகுறையாக விட்டுவிட்டு இருந்தார்.

அங்கிள் ஒரு கலியாணத்துக்காகக் கொழும்புக்குப் போனார். வரும்போது மோதிரத்தைக் கொண்டுவந்து தருவதாக ஏற்றுக்கொண்டார். ரொறன்ரோ விமான நிலையத்தில் மிளகாய்த்தூளுக்காகப் பெட்டியைத் திறந்த அதிகாரி மோதிரத்தையும் கண்டு, இந்தக் கறுப்பு நார் என்ன என்று கேட்டிருக்கிறார். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சும்மா மோதிரம் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் அங்கிளுக்கோ அந்தக் கேள்வி வேறு மாதிரி விளங்கியது. கொழும்பு நடைபாதைகளில் பிளாஸ்டிக் நாரைச் சுற்றி யானைமயிர் என்று விற்கிறார்கள் அல்லவா, அந்தப் போலியைக் கொண்டுவந்துவிட்டதாக வெள்ளைக்காரன் சந்தேகப்படுகிறான் என்று நினைத்துவிட்டார். மானம் போய்விட்டது அவருக்கு. வெறும் கையோடு வந்து எங்கள் சோபாவில் இருந்துகொண்டு, அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

"நான் விட்டுக்குடுக்கேல்லைப் பிள்ளை. பிளாஸ்டிக் இல்லை, அசல் ஆனைதான் எண்டு அடிச்சுச் சொன்னனான்."

அடித்துச் சொன்னதற்குப் பலன் உடனே கிடைத்தது. யானை அழிந்துவருகிற விலங்கு. அதன் உடம்பில் எந்தத் துண்டும் எல்லை தாண்டுவதென்றால் அனுப்புகிற நாடும் அனுமதி தரவேண்டும், வாங்குகிற நாடும் அனுமதி தரவேண்டும். இரண்டும் இல்லை. மோதிரத்தை வைத்துக்கொண்டு அங்கிளை அனுப்பிவிட்டார்கள். அவருக்கு இன்னும் விளங்கவில்லை, அசல் என்று சொன்ன பிறகும் ஏன் பறித்தார்கள் என்று என்னிடமே கேட்டார். அம்மா இருந்தபடியால் வாயை மூடிக்கொண்டேன்.

யானைகள் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. தந்தத்துக்காக யானையைச் சுடுகிறவனைக் கட்டிவைத்து உதைத்தாலும் எனக்குச் சம்மதம். ஆனால் அந்த வாரம் முழுக்க, தொழிற்சாலையில் பெல்ட்டில் வருகிற பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டே பல்லைக் கடித்தேன். ஒரு யானையின் வாலில் இருந்த நாலு மயிர் எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குப் போகிறது என்று கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்கு நாடுகள் எல்லாம் கூடி ஒப்பந்தம் எழுதியிருக்கின்றன. என் தம்பி ஒரு தெருவைக் கடந்து ரெலிபோன் கடைக்குப் போனதைப் பார்த்ததாகச் சொல்ல ஒரு நாய் இல்லை. அவனுக்காகக் கேள்வி கேட்க ஓர் அலுவலகக் கவுண்டர் இல்லை. யானைக்குக் கொடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? எங்களுக்கும் ஒரு துளி கொடுத்திருக்கலாம் என்றுதான் வயிறு எரிந்தது.

இடைவேளைகளில் தொழிற்சாலைப் போனிலிருந்து அழைத்து அழைத்து, ஒருவர் இன்னொருவருக்கு மாற்றி மாற்றி, கடைசியில் ஓர் அலுவலகத்துக்கு வரச்சொன்னார்கள். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டி, மேலே விண்டர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டார். இரண்டு பஸ்ஸும் ஒரு சப்வேயும் பிடித்துப் போனோம்.

அங்கிருந்த அதிகாரி அன்பான மனிதர். அம்மாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. முரடனாக இருந்திருந்தால் நாலு வார்த்தை கத்தியாவது இருப்பேன். பிளாஸ்டிக் பை ஒன்றுக்குள் இருந்த மோதிரத்தை எடுத்து மேசையில் வைத்தார். அம்மா உடனே கையை நீட்டினார். அவர் பையின் ஓரத்தில் மெதுவாக விரலை வைத்துக்கொண்டு என்னிடம் பேசினார். சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது, குடும்பத்தில் ஒருவர் இறந்து அவருடைய பொருள் வாரிசுக்கு வருகிறது என்றால் விலக்குக் கேட்கலாம், மரணச் சான்றிதழ் இல்லாவிட்டால் தாயார் சத்தியம் செய்து கையெழுத்து வைத்தாலும் நான் முயன்று பார்க்கிறேன் என்றார். பிறகு, எங்களுக்கு உதவி செய்கிற ஆசையோடுதான், குரலைத் தாழ்த்திக் கேட்டார். இதன் சொந்தக்காரர் இறந்துவிட்டாரா?

தம்பி இல்லை என்பது எனக்கு முதல் மாதமே தெரியும். தெரியும் என்றால், மனம் சொல்லிவிட்டது. ஆனால் அந்தச் சொல்லை வீட்டுக்குள் நான் ஒருநாளும் விட்டதில்லை. யெஸ் என்றால் அம்மாவுக்கும் விளங்கும்.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"இது தம்பியின்ர சாமான், இனி எங்களுக்குத்தான் எண்டு நீங்கள் சத்தியம் பண்ணி ஒப்பம் வைச்சால் தருவினமாம்."

அம்மா விசரி இல்லை, நான் ஒளித்தது விளங்காமல் போக. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செத்த ஆக்களின்ர சாமானெண்டே?"

ஓம் என்று தலையை ஆட்டினேன். அம்மா மோதிரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்காக அவர் எத்தனை நாள் சோற்றைப் பிசைந்துவிட்டு எழும்பினார் என்று எனக்குத்தான் தெரியும். பிறகு தன் கையாலேயே பையை அதிகாரியின் பக்கம் தள்ளிவிட்டார்.

"அவையே வைச்சிருக்கட்டும். அவன் வந்து கேட்டு வாங்குவான்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி பையைத் தன் பக்கம் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு தன் கடமையைச் செய்தார். உரிமை கோராத பொருட்களைக் குறிப்பிட்ட காலத்துக்குமேல் வைத்திருக்க முடியாது, அழித்துவிடுவோம், இல்லாவிட்டால் புதிய ஊழியர்களுக்குக் காட்டிப் பழக்க எடுத்துக்கொள்வோம், இதைத் தாயாருக்குத் தயவுசெய்து விளக்கிச் சொல்லுங்கள் என்றார்.

"என்ன சொல்லுறார்?"

"அவன் வருமட்டும் கவனமா வைச்சிருப்பினமாம்."

அம்மா எழுந்து நின்று அதிகாரியைக் கைகூப்பிக் கும்பிட்டார். நான் என்ன சொன்னேன் என்று தெரியாமல் அவரும் எழுந்து திரும்பக் கும்பிட்டார். எனக்கு அந்த மேசையை அப்படியே புரட்டிவிட வேண்டும் போல வந்தது. அம்மாவின் ஜக்கெட் சிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.