போடக்கூடாத புள்ளிகள்

அக்குபஞ்சர் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் மாதம் நான் கேட்டு வாங்கியது ஒரு புது வருகைப் பதிவேடு. பழையதில் வகுப்புக்கு வராதவர்கள் பெயருக்கு எதிரேயும் கையெழுத்து இருந்தது. ஒரே மை, ஒரே சாய்வு. பக்கத்து இருக்கைக்காரர் போட்டிருப்பார். அதை மறைக்கக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் பள்ளி நடந்தது. சனி, ஞாயிறு வகுப்பு. இரண்டு வருடப் பட்டயப் படிப்பு. நான் பிசியோதெரபி படித்தவள். வார நாட்களில் மருத்துவமனை வேலை, வார இறுதியில் இங்கே உடற்கூறு பாடம். ஊசியை எங்கே போடுவது என்பதை நிர்வாகி சொல்லித்தருவார். அந்த இடத்தில் தோலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்வது என் பொறுப்பு. தோள்பட்டையின் உச்சியில் ஒரு புள்ளி இருக்கிறது. ஊசி கொஞ்சம் ஆழமாக இறங்கினால் நுரையீரலின் மேல்நுனியைத் தொட்டுவிடும். உள்பக்கக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலே ஒன்று இருக்கிறது. கர்ப்பிணிக்கு அதைப் போடக்கூடாது. இவை தெரியாத ஒருவர் கையில் ஊசியைக் கொடுக்கக்கூடாது என்பது என் பிடிவாதம்.

மாணவர்களில் பெரும்பாலோர் என்னைவிட மூத்தவர்கள். காயல்பட்டினத்திலிருந்து வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு வந்த இருவர், ஒரு வங்கிக் காசாளர், சில குடும்பப் பெண்கள். எல்லோருக்கும் மூத்தவர் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். மிஷன் பள்ளியில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். தேய்த்த வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. நான் வகுப்புக்குள் நுழைந்தால் அவர்தான் முதலில் எழுந்து நிற்பார். எனக்குக் கூச்சமாக இருக்கும். நிர்வாகி உட்பட எல்லோரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம்.

இன்னொருத்தி முக்கூடலிலிருந்து வருவாள். முப்பது வயதிருக்கும். வாரம் முழுக்க பீடி சுற்றுவாள். கணவருக்குக் கேரளத்தில் ஓட்டல் வேலை. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனதாம். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, நான் பலகையில் வரைவதை அப்படியே நோட்டில் வரைந்துகொள்வாள். விரல்கள் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யும். பஞ்சுத் தலையணையில் ஊசி போட்டுப் பழகிய நாட்களில் அவள் ஊசி ஒருமுறைகூட வளையவில்லை.

இரண்டாம் வருடம் அவள் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். அவள் பன்னிரண்டு வகுப்புகளுக்கு வரவில்லை. தேர்வுக்கு முன் பதிவேட்டைக் கூட்டிப் பார்த்தபோது அவளுக்கு வருகை போதவில்லை. விதிப்படி தேர்வு எழுத முடியாது.

அவளே என்னிடம் வந்து கேட்டாள். "ரெண்டு மூணு கிளாஸ்தான் கொறையுது டீச்சர். நோட்டையெல்லாம் வாங்கி எழுதிட்டேன். கேட்டுப் பாருங்க, சொல்லுதேன்."

நான் கேட்டுப் பார்க்கவில்லை. "உனக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாரும் வந்து நிப்பாங்கம்மா" என்றேன். அவள் சரி டீச்சர் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டாள். அன்று எனக்கு வருத்தம் இருந்தது. கூடவே, உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. இந்தப் பள்ளியில் முதல்முறையாக ஒரு விதி விதியாக நின்றிருக்கிறது என்று நினைத்தேன்.

மூன்று வாரம் கழித்துத் தேர்வு. மேற்பார்வை நான். கர்ப்பிணிகளுக்குப் போடக்கூடாத புள்ளிகளை எழுதி, காரணம் கூறச் சொல்லி ஒரு கேள்வி வைத்திருந்தேன். தலைமை ஆசிரியர் மூன்றாவது வரிசையில் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மாட்டிக்கொள்வார். கண்ணாடிக் கூட்டைத் திறப்பார், மூடுவார். நாலாவது தடவை அவர் கூட்டைத் திறந்தபோது நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். கூட்டின் உள்மூடியில் பொடி எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அழகான கையெழுத்து.

குனிந்து, "சார், அதக் குடுங்க" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல் கூட்டை எடுத்துக் கொடுத்தார். விடைத்தாளையும் வாங்கிக்கொண்டேன். பேனாக்களைப் பையில் செருகிக்கொண்டு வெளியே போனார்.

தேர்வு முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் காத்திருந்தார்.

"ஏம்மா, நான் எத்தன பிள்ளைகள இப்படிப் புடிச்சு வெளிய அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் சார். அதான் எனக்குப் புரியல."

"படிக்கத்தான் செய்யுதேன். ராத்திரி தெரியுது. காலையில எந்திரிச்சா ஒண்ணும் தங்க மாட்டேங்கு. ஊருல எல்லார்ட்டயும் சொல்லிட்டேன், இலவசமா வைத்தியம் பாக்கப் போறேன்னு. இப்ப பெயிலுன்னு எப்படிம்மா போயி நிக்க?"

கண்ணாடிக் கூட்டைத் திருப்பிக் கொடுத்தேன். சீட்டை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொண்டேன்.

நிர்வாகி நல்ல வைத்தியர். அவர் கையில் வலி குறைந்து போனவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று சீட்டை அவர் மேசையில் வைத்தபோது அதைத் தொடக்கூட இல்லை.

"மேடம், அவரு வயசென்ன, நம்ம வயசென்ன? அவர் சொல்லித்தான் அந்தப் பக்கத்துலேருந்து எட்டுப் பேரு சேந்திருக்காங்க. பெரிய மனுசனப் போயி காப்பியடிச்சாருன்னு எழுதச் சொல்லுதீயளா?"

"எழுத வேண்டாம். வாய்மொழியா கேப்போம். சொல்லிட்டாருன்னா பாஸ் போடுங்க."

ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு நிர்வாகியின் அறையில் வாய்மொழித் தேர்வு நடந்தது. பத்துக் கேள்விகள் கேட்டேன். மூன்றுக்குச் சரியாகச் சொன்னார். தோள்பட்டைப் புள்ளியின் ஆழத்தைக் கேட்டதற்கு இரண்டு அங்குலம் என்றார். அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாத இடம் அது. நிர்வாகியைப் பார்த்தேன். அவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிவுகள் ஒட்டப்பட்டபோது தலைமை ஆசிரியர் தேர்ச்சி என்று இருந்தது. பட்டமளிப்பு அன்று அவருக்கு மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் பேசும்போது, என் பெயரைச் சொல்லி, கண்டிப்பான ஆசிரியை என்று நன்றி சொன்னார். அரங்கமே கைதட்டியது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து வேலையை விடுவதாக ஒரு கடிதம் எழுதினேன். கொடுக்கவில்லை. எனக்குப் பதிலாக வருபவர் அந்தக் கேள்விகளைக்கூடக் கேட்கமாட்டார் என்று ஒரு சாக்கைச் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மருத்துவமனையில் நோயாளியின் முழங்காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தபோது தலைமை ஆசிரியர் போனில் அழைத்தார்.

"ஏம்மா, ஒரு சின்ன சந்தேகம். ஒரு பிள்ள வந்திருக்கு. கால் வீங்கியிருக்கு. கணுக்காலுக்கு மேல அந்த நாலு விரல் புள்ளிதான போடணும்?"

"யாரு சார், எத்தன வயசு?"

"இருபத்தி ரெண்டு. முழுகாம இருக்கா. ஆறு மாசம்."

நோயாளியின் காலைக் கீழே வைத்துவிட்டேன். "சார், ஊசிய எடுத்திட்டீயளா?"

"கையிலதான் வச்சிருக்கேன்."

"கீழ வைங்க. அந்தப் பிள்ளைக்கு எங்கயுமே போடாதீங்க. ரத்த அழுத்தம் பாக்கணும், இப்பவே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. போயிட்டாங்கன்னு எனக்குப் போன் பண்ணுங்க."

அரைமணி நேரம் கழித்து ஆட்டோவில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். மறுநாள் மறுபடி அழைத்து, ரத்த அழுத்தம் கூடியிருந்ததாகவும், உள்நோயாளியாகச் சேர்த்திருப்பதாகவும், தாயும் வயிற்றுப் பிள்ளையும் நலம் என்றும் சொன்னார். "நல்லவேள ஒன்ட்ட கேட்டேன்" என்றார், மனநிறைவோடு. அன்று என் போன் அணைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை வகுப்பை முடித்துவிட்டு முக்கூடலுக்குப் பேருந்து ஏறினேன். போய் என்ன சொல்வது என்று முடிவு செய்திருக்கவில்லை. வீட்டைக் கண்டுபிடித்தபோது அவள் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் கட்டிலில் படுத்திருந்தார். அவள் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"இங்கன இருங்க டீச்சர். காப்பி போடுதேன்."

காப்பி வரும்வரை பொறுக்காமல், நான் செய்தது சரியில்லை என்று சொன்னேன்.

அவள் அடுப்பைப் பார்த்தபடியே பேசினாள். "நீங்க சொன்னது சரிதான் டீச்சர். வரலைன்னா வரலதான். ஆனா சார் பாஸாயிட்டாருன்னு கேள்விப்பட்டேன். அவரு கண்ணாடிக் கூட்டுல வச்சிருந்தது கிளாஸ்ல எல்லாருக்கும் தெரியும். எனக்குன்னா ரூலு, சாருக்குன்னா மரியாதையா?"

நிர்வாகியிடம் பேசி விதியைத் தளர்த்தித் தேர்வெழுத வைக்கிறேன் என்றேன்.

"வேண்டாம் டீச்சர். தளத்தி வாங்கிட்டு வந்தா நாளைக்கு நானும் சார் மாதிரிதான். விட்ட பன்னெண்டு கிளாஸையும் எடுங்க. நான் வந்து இருக்கேன். பெறவு எழுதுதேன்."

நிர்வாகி உடனே சம்மதித்தார். அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கேட்டிருந்தால் அன்றே தந்திருப்பார். நான்தான் கேட்கவில்லை. புதன்கிழமை சாயங்காலங்களில் சாவியை வாங்கிக்கொண்டு மாடியைத் திறந்தேன். அவள் ஒருத்திக்காகப் பலகையில் வரைந்தேன். தலைமை ஆசிரியரையும் வரச்சொல்லுங்கள் என்று நிர்வாகியிடம் கேட்டுப் பார்த்தேன். பாஸ் போட்டவரை மறுபடி எப்படிக் கூப்பிடுவது என்றார். நானே போனில் கூப்பிட்டேன். மறுக்காமல் வந்தார், இரண்டு புதன்கிழமைகள். நான் கேட்டதற்கு அவள் தடுமாறாமல் பதில் சொல்லுவதை நோட்டில் குறித்துக்கொண்டார். மூன்றாவது வாரம், நோயாளிகள் காத்திருக்கிறார்கள் என்று சொல்லி நின்றுவிட்டார்.

அவள் தேர்வெழுதினாள். அவள் தாளைத் திருத்தும்போது ஒவ்வொரு மதிப்பெண்ணையும் குறைக்கக் காரணம் தேடினேன், யாரும் சலுகை என்று சொல்லிவிடக்கூடாதே என்று. அப்படியும் வகுப்பிலேயே அதிகம் வாங்கினாள். அவளுக்குப் பொன்னாடையும் இல்லை, மேடையும் இல்லை. சான்றிதழை அலுவலக மேசையில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். இப்போது வீட்டிலேயே இரண்டு மூன்று பேருக்குப் பார்க்கிறாள். பீடியையும் விடவில்லை.

தலைமை ஆசிரியர் வீட்டு வாசலில் காலையில் பத்துப் பதினைந்து பேர் நிற்கிறார்களாம். நல்ல கைராசி என்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாளாவது என்னை அழைத்து ஆழம் கேட்கிறார், இடது வலது கேட்கிறார். போன வாரம் சொன்னதையே மறுபடி கேட்கிறார். ஊசியை விட்டுவிடுங்கள் சார், விரலால் அழுத்துவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பலமுறை சொல்லிவிட்டேன். "பாப்பம்மா" என்கிறார். நிர்வாகியிடம் எழுத்தில் புகார் கொடுத்து ஐந்து மாதமாகிறது. பதில் இல்லை.

அவர் எண் திரையில் தெரிந்தால் கையிலிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு எடுக்கிறேன். எடுக்காமல் விடும் தைரியம் இன்னும் வரவில்லை.