அது நம்ம துறை இல்ல

கால்நடை நோய்ச் சோதனைக்கூடத்தில் எங்களோடு வேலை பார்த்த அந்த அம்மாளை எல்லோரும் பாட்டில் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ரத்தக் குழாய், கண்ணாடி பாட்டில், தட்டு என்று எதுவானாலும் கிருமிநாசினியில் ஊறப்போட்டு, பிரஷ் விட்டுத் தேய்த்து, சூட்டுப் பெட்டியில் காயவைத்து எங்கள் மேசைக்குத் திருப்பிக் கொடுப்பது அவர் வேலை. பதினேழு வருடமாக அதைச் செய்துகொண்டிருந்தார். வலது கட்டைவிரல் நகத்தைச் சுற்றித் தோல் எப்போதும் உரிந்தே இருக்கும். கையுறை வேண்டும் என்று வருடா வருடம் எழுதிக் கொடுப்பார். ஒரு பெட்டி வரும், இரண்டு மாதத்தில் தீரும், பிறகு அடுத்த வருடம்தான்.

நான் அங்கே டெக்னீஷியன். சோதனை செய்து முடிவை எழுதுகிறவன். இந்தக் கதையில் நான் நல்லவனாக வரமாட்டேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவரை நான் மாமா என்பேன். ஊருக்கு வெளியே நூற்று அறுபது மாடுகள் நிற்கும் பண்ணையில் பதினான்கு வருடமாகப் பால் கறக்கிறவர். கறப்பதோடு போகாது. மாடு கன்று ஈனும்போது இழுத்துப் போடுவது, நஞ்சுக்கொடி விழாவிட்டால் கையை விட்டு எடுப்பது, எல்லாம் கறவைக்காரர்கள் தலையில்தான். மாடுகளுக்குப் பெயர் கிடையாது. காதில் தொங்கும் மஞ்சள் வில்லையில் இருக்கும் எண்தான் பெயர். "முந்நூத்தி அஞ்சு இன்னைக்கு உதைச்சுட்டா" என்று வீட்டில் வந்து சொல்வாராம், ஏதோ மைத்துனி உதைத்த மாதிரி.

அந்த மனுஷனுக்குக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. சாயங்காலம் ஏறும். விடிவதற்குள் வியர்த்துக் கொட்டி, படுக்கை விரிப்பைப் பிழிந்தெடுக்கலாம் போல நனைந்துவிடும். பத்து நாள் இருக்கும், ஒரு வாரம் இருக்காது, மறுபடி வரும். இடுப்பு வலி, மூட்டு வலி. ஒரு டாக்டர் டைபாய்டு என்றார். இன்னொருவர் வாதம் என்றார். மூன்றாமவர் எல்லாச் சோதனையும் நன்றாக இருப்பதைப் பார்த்துவிட்டு, மனசில் ஏதாவது குறை உண்டா என்று கேட்டு, தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். பண்ணை மேஸ்திரி மட்டும் சந்தேகமே இல்லாமல் நோயைக் கண்டுபிடித்துவிட்டார். சோம்பேறித்தனம் என்றார். எட்டு மாதத்தில் மாமா பாதியாக இளைத்துப் போனார். அக்கா மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதையெல்லாம் என்னிடம்தான் சொல்வார். நானும் உச்சுக்கொட்டுவேன்.

ஒரு திங்கட்கிழமை அக்கா என் மேசைக்கு ஒரு குழாயை எடுத்துக்கொண்டு வந்தார். தேய்ப்பதற்கு முன் குழாயில் ஒட்டிய சீட்டைக் கிழிக்க வேண்டும். அப்படிக் கிழிக்கப் போனபோது எண் கண்ணில் பட்டிருக்கிறது.

"தம்பி, இது இருநூத்திப் பதினாலுதானே?"

"ஆமாக்கா."

"எங்க வீட்டுக்காரர் போன மாசம் இந்த மாட்டுக்குத்தான் கன்னு இழுத்தாரு. ஏழு மாசத்துலயே வீசிடுச்சு, செத்த கன்னு. கை முழங்கை வரைக்கும் ரத்தம்னு சொன்னாரு. இது அவங்க பண்ணை ரத்தமா?"

எங்களுக்குப் பண்ணைப் பெயர் வராது. 'ப-7' என்று குறியீடுதான் வரும். ஆனால் அது எந்தப் பண்ணை என்று எனக்குத் தெரியும். ஆமாம் என்றேன்.

"என்ன சோதனை இது?"

கன்று வீச்சு நோய் என்றேன். மாட்டின் சினையைக் கலைக்கும் கிருமி. வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும் கோடிக்கணக்கில் இருக்கும், பாலிலும் வரும். மனிதனுக்கும் ஒட்டும்.

"மனுஷனுக்கு வந்தா எப்படி இருக்கும்?"

படித்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். சாயங்காலம் ஏறி ஏறி இறங்கும் காய்ச்சல். ராத்திரி வியர்வை. மூட்டுவலி, இடுப்புவலி. உடல் மெலிவு, மனச்சோர்வு. சொல்லிக்கொண்டே வந்தவன் பாதியில் நிறுத்திவிட்டேன். எட்டு மாதமாக இதே மேசையில் உட்கார்ந்து இதையே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மாட்டு ரத்தம் ஒரு காதிலும் மனுஷன் காய்ச்சல் இன்னொரு காதிலுமாகப் போயிருக்கிறது. இரண்டும் நடுவில் எங்கேயும் சந்தித்துக்கொள்ளவில்லை.

அக்கா சத்தம் போடவில்லை. "எவ்வளவு நாளா இந்தப் பண்ணை ரத்தம் வருது?" என்று மட்டும் கேட்டார்.

பதிவேட்டைத் திறந்தேன். முதல் தடவை நோய் உறுதியானது பதினோரு மாதத்துக்கு முன்னால். கையெழுத்து என்னுடையது.

"அப்போ பதினோரு மாசமா உங்களுக்குத் தெரியும்."

"பண்ணைக்கு எழுதி அனுப்பிட்டோம்கா. மேலதிகாரிக்கும் ஒரு நகல் போயிருக்கு."

"கறக்கிறவனுக்கு?"

"அது நம்ம துறை இல்ல. மனுஷங்க நோயை ஆஸ்பத்திரிதான் பார்க்கணும்."

"ஆஸ்பத்திரிக்கு யாரு சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அக்கா குழாயை மேசைமேல் வைத்தார். உடைந்துவிடுமோ என்று பயப்படும்படி வைத்தார், உடையவில்லை.

அன்று மதியமே அரை நாள் லீவு போட்டுவிட்டு மாமாவை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே புதிதாக வந்திருந்த ஒரு லேடி டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "பண்ணையில இந்த நோய் இருக்குன்னு எங்களுக்கு ஒரு வரி எழுதியிருந்தா முதல் வாரமே கண்டுபிடிச்சிருப்போமே" என்றாராம்.

"எழுதுறதுக்கு அங்க அஞ்சு பேர் இருக்காங்கம்மா. ஒருத்தருக்கும் பேனா எழுதலையாம்" என்றிருக்கிறார் அக்கா.

அந்தச் சோதனையைச் செய்யும் மருந்து ஆஸ்பத்திரியில் கிடையாது. தலைமை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினால் மூன்று வாரமாகும். டாக்டர் தானே ரத்தம் எடுத்து, ஒரு பங்கை அங்கே அனுப்பிவிட்டு, இன்னொரு பங்கை அக்கா கையில் கொடுத்து, "உங்க லேபுல செய்ய முடியுமான்னு கேளுங்க" என்றார். மாட்டுக்கும் மனிதனுக்கும் அதே சோதனை மருந்துதான். வெள்ளைத் தட்டில் ஒரு சொட்டு ரத்தநீர், ஒரு சொட்டு ரோஸ் நிற மருந்து, பல்குத்தும் குச்சியால் கலக்கி, நான்கு நிமிடம் ஆட்ட வேண்டும். நோய் இல்லையென்றால் அப்படியே வழவழவென்று இருக்கும். மாமாவின் ரத்தம் நான்கு நிமிடம் காத்திருக்கவில்லை. ஒரு நிமிடத்துக்குள் பால் திரிவதுபோல் திரிந்தது. அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"சோம்பேறித்தனம்னா இப்படித்தான் இருக்கும் போல" என்றார்.

டாக்டர் இரண்டு மாத்திரைகள் எழுதினார். ஆறு வாரம், ஒரு வேளைகூட விடக்கூடாது. அதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் ஒரு தொந்தரவும் இல்லை. மறுநாள் காலை அக்கா நேராகப் பெரிய டாக்டர் அறைக்குள் போனார். பெரிய டாக்டர் என்றால் எங்கள் கூடத்தின் தலைவர், கால்நடை டாக்டர். நான் ஒரு கோப்பில் கையெழுத்து வாங்க உள்ளே நின்றிருந்தேன்.

"ஐயா, பண்ணையில இன்னும் பதினெட்டுக் கறவைக்காரங்க இருக்காங்க. அவங்களுக்குச் சொல்லணும்."

"சொல்லிட்டா என்ன ஆகும் தெரியுமாம்மா? நாளைக்கே ஊர்ல பாலை ஒருத்தனும் வாங்க மாட்டான். பீதி கிளம்பும். பாலைக் காய்ச்சிக் குடிச்சா ஒண்ணும் ஆகாது. படிச்சவங்க யாரைக் கேட்டாலும் சொல்வாங்க."

"குடிக்கிறவங்க காய்ச்சிக் குடிக்கலாம். கறக்கிறவங்களைக் காய்ச்ச முடியுமா ஐயா?"

பெரிய டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பண்ணை முதலாளி நல்ல மனுஷன், நோய் மாடுகளை மெதுவாகக் கழித்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், சோதனை முடிவுகள் ரகசியம், வெளியே போனால் நடவடிக்கை வரும் என்றார். கடைசியில், "நீ பாட்டிலைக் கழுவும்மா" என்றார்.

அக்கா வெளியே வந்து கழுவினார். அன்று கழுவியதில் மூன்று உடைந்தன. பதினேழு வருடத்தில் அவர் கையில் உடைந்ததை அன்றுதான் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கறவைக்காரர்கள் குடியிருக்கும் தகரக்கூரை வரிசைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார். வேலை இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "உன் கையெழுத்துதானே, நீயே வந்து சொல்லு" என்றார். போனேன். பதினேழு வீடு. அதில் எத்தனை வீட்டில் சாயங்காலக் காய்ச்சல் என்று கேட்டபோது கை தூக்கத் தயங்கினார்கள். பிறகு ஒருவர் தூக்கினார், அப்புறம் ஒவ்வொன்றாக ஏறியது. லேடி டாக்டர் அடுத்த இரண்டு நாளில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார், ராத்திரியில் எங்கள் கூடத்துத் தட்டிலேயே நான் சோதித்தேன். மாமாவோடு சேர்த்துப் பதினோரு பேருக்கு நோய்.

அதில் ஒரு பெண். இருபத்தைந்து வயது இருக்கும். புருஷனோடு சேர்ந்து அவளும் கறப்பவள். ஐந்தாவது மாதத்தில் கர்ப்பம் கலைந்திருந்தது. அதற்கு முந்தின மாதம் அவள் கையாலேயே வீசிய கன்று ஒன்றை இழுத்திருக்கிறாள். கலைந்த நாளிலிருந்து மாமியார் அவளை ராசி கெட்டவள் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். முடிவு வந்த அன்று நாங்கள் அந்த வீட்டு வாசலில் நின்று விளக்கினோம். இந்தக் கிருமியாலும் கர்ப்பம் கலையும் என்று டாக்டர் சொன்னதைச் சொன்னோம். 

"அப்போ நான் எதுவும் பண்ணலையா?" என்றாள்.

"நீ ஒண்ணும் பண்ணலம்மா" என்றார் அக்கா. அப்புறம் உள்ளே நின்ற மாமியாரைப் பார்த்து, "காது கேக்குதுல்ல?" என்றார். திரும்பும்போது எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். நான் பதினோரு மாதத்தைப் பின்னோக்கி எண்ணிப் பார்த்தேன். அவள் அந்தக் கன்றை இழுத்தது, நான் முதல் கையெழுத்துப் போட்டதற்கு ஆறு மாதம் கழித்து.

புதன்கிழமை அக்காவுக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு வந்தது. காரணம்: அலுவலக ரகசியத்தை வெளியிட்டது. தகவல் யார் கொடுத்தது என்று என்னைக் கேட்டார்கள். அக்காவைக் கேட்டதற்கு, குழாய் சீட்டைப் பார்த்துத் தானே தெரிந்துகொண்டதாகச் சொல்லியிருந்தார். கறவைக்காரர்களும் யாரும் என் பெயரைச் சொல்லவில்லை. இரண்டு நாள் நானும் அதையே பிடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். மூன்றாவது நாள் மாமா என் வீட்டுக்கு வந்தார். மாத்திரையில் காய்ச்சல் இறங்கி முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது, ஆனால் கம்பு ஊன்றித்தான் நடந்தார்.

"தம்பி, மேஸ்திரி நாளைக்கு மத்தியானம் லாரி சொல்லியிருக்காரு. நோய் மாடெல்லாம் வெளியூர்ச் சந்தைக்குப் போகுதாம்."

மெதுவாகக் கழிப்பது என்று முதலாளி சொன்னதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. நோயைக் கொல்லப்போவதில்லை, விற்கப்போகிறார்கள். வாங்குகிறவன் கொட்டகையில் இன்னொரு பத்தொன்பது பேர் முழங்கைவரை கையை விடுவார்கள். பதிவேட்டிலிருந்து முப்பத்திரண்டு மாட்டு எண்களையும் ஒரு தாளில் எழுதினேன், கீழே என் பெயரைப் போட்டேன், அக்காவிடம் கொடுத்தேன். வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத்தான் கேவலமாக இருந்திருக்கும்.

மறுநாள் மதியம் பண்ணை வாசலில் லாரி நின்றது. அதற்கு முன்னால் கறவைக்காரர்கள், குடும்பத்தோடு. யாரும் கல் எடுக்கவில்லை, கோஷம் போடவில்லை. அக்கா தாளைப் பிரித்து, லாரியிலும் அடுத்த நடைக்குக் காத்தும் நின்ற மாடுகளின் காது எண்ணை ஒவ்வொன்றாக உரக்கப் படித்தார்.

"இருநூத்திப் பதினாலு. நோய். எங்க கொண்டு போறீங்க?"

மேஸ்திரி டிரைவரைப் பார்த்து வண்டியை எடு என்று கை காட்டினார்.

"முந்நூத்தி அஞ்சு. நோய். எங்க கொண்டு போறீங்க?"

டிரைவர் இறங்கி வந்து, "என்ன நோய்? எனக்கும் ஒட்டுமா?" என்று கேட்டான். யாரோ அவனுக்கு விளக்கினார்கள். அவன் சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய் நிழலில் உட்கார்ந்துவிட்டான். அக்கா முப்பத்திரண்டையும் படித்து முடிக்கும்வரை அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. லேடி டாக்டர் தன் மேலதிகாரியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் எங்கள் பெரிய டாக்டரும் வர வேண்டியதாயிற்று. பார்த்தவுடன், "இதைத்தான் நானும் ஆரம்பத்துல இருந்து சொல்லிட்டிருந்தேன்" என்றார். அக்கா அவரைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை.

முப்பத்திரண்டு மாடுகளும் அரசாங்க மேற்பார்வையில் கொல்லப்பட்டன. மீதி மாடுகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை சோதனை, கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி. வீசிய கன்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழப் புதைக்க உத்தரவு, கறவைக்காரர்களுக்கு முழங்கை வரைக்கும் கையுறை. இதெல்லாம் ஏற்கெனவே எங்கள் அலமாரியில் ஒரு சுற்றறிக்கையில் இருந்ததுதான். ஒருவரும் பிரித்துப் படித்ததில்லை.

அக்காவை நான்கு மாதம் கழித்து மறுபடி எடுத்துக்கொண்டார்கள். அதே தொட்டி, அதே பிரஷ். பெரிய டாக்டர் பதவி உயர்வில் வேறு ஊருக்குப் போனார். மாமாவின் காய்ச்சல் போய்விட்டது, இடுப்பு போகவில்லை. கிருமி முதுகெலும்பு மூட்டைத் தின்றுவிட்டிருந்தது. குந்த முடியாது. அவர் இப்போது அதே பண்ணை வாசலில் காவலுக்கு நிற்கிறார். "முன்னாடியே மாத்திரை கொடுத்திருந்தா இடுப்பு தப்பிச்சிருக்கும்" என்று டாக்டர் சொன்னதை அக்கா என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னார். ஒருமுறை போதும்.

எங்கள் முடிவுப் படிவத்தில் இப்போது ஆஸ்பத்திரிக்கும் ஒரு நகல் உண்டு. போன மாதம் ஓர் ஆட்டு மந்தையின் ரத்தம் வந்தது. ஐந்துக்கு நோய். சாயங்காலம் ஆகிவிட்டது, பையை எடுத்துக் கிளம்பினேன். கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"ஆஸ்பத்திரி நகல் போயாச்சா?"

"நாளைக்குக் காலையில முதல் வேலையா அனுப்பிடுறேன்கா."

"ஆட்டுக்காரன் இன்னைக்குச் சாயங்காலமும்தான் பால் கறப்பான்."

பையைக் கீழே வைத்தேன். நான் படிவத்தை எழுதி, போன் போட்டுப் படித்துக்காட்டி, மறுமுனையில் பெயர் கேட்டுக் குறித்துக்கொள்ளும்வரை அவர் ஈரக்கையோடு என் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.