கை ஊன்ற முடியாதவனின் துஆ

மாம்புரியிலிருந்து பாலாவிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். விரல்களால் பிடிக்க முடியாததால் பையை முழங்கையில் தொங்கவிட்டிருந்தேன். அன்று காலை கருவாடு காயவைக்கும் வாடியில் மீன் கீறும்போது கத்தி என் கையிலிருந்து நழுவி, பக்கத்தில் இருந்தவரின் காலடியில் குத்தி நின்றது. நழுவியதே எனக்குத் தெரியவில்லை. வாடிக்காரர் சத்தம் போடவில்லை, அண்ணன் முறை வைத்தே பேசினார். "நானா, கோவிக்காதீங்க. ஒங்கட கைய நம்பி இனிக் கத்தி தர ஏலா," என்றார். அவர் சொன்னது நியாயம். வந்துவிட்டேன்.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. நான் மன்னாரில் பிறந்தவன். தொண்ணூறில் முஸ்லிம்களான எங்களை இயக்கத்தார் வடக்கிலிருந்து வெளியேற்றியபோது நான் ஐந்தாம் வகுப்பு. அதன்பின் பள்ளிக்கூடம் போகவில்லை. ஓரிடத்தில் தங்கவும் பழகவில்லை. உப்பளம், தென்னந்தோட்டம், கரைவலை, வாடி என்று இந்தக் கரை முழுக்க வேலை செய்திருக்கிறேன். எல்லாம் கையால் செய்யும் வேலை.

முப்பது வயதில் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. மூட்டுவாதம், வாழ்நாள் முழுக்க இருக்கும் என்று சொல்லி ஆசுப்பத்திரியில் கிளினிக் கொப்பி தந்தார்கள். தந்த குளிசைகளை விழுங்கினேன், வீக்கம் குறைந்தது. பிறகு இரண்டு கையிலும் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் விறைக்கத் தொடங்கின. உறக்கத்தில் மணிக்கட்டு நெருப்பாக எரியும். எழுந்து கையை உதறுவேன். குளிசை வேலை செய்யவில்லை என்று நானே முடிவு செய்து அதை விட்டுவிட்டேன். வீக்கம் திரும்பி வந்தது. அது என் பிழை.

அதைவிடப் பெரிய பிழை தொழுகையை விட்டது. நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதில் உள்ளங்கையை ஊன்றினால் மணிக்கட்டு பிளப்பதுபோல் இருக்கும். அதனால் முஷ்டியை ஊன்றித் தொழுதேன். ஒரு பள்ளிவாசலில் பக்கத்தில் நின்றவர், "கைய விரிச்சி வைக்காட்டி சுஜூது கூடாது," என்றார். நான் ஓதிப் படித்தவனில்லை, நம்பிவிட்டேன். கூடாத, நிறைவேறாத தொழுகையை ஏன் தொழ வேண்டும் என்று ஒரு வருடத்துக்கு மேல் பள்ளிப் படி ஏறவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடற்கரையில் தனியாக இருப்பேன். உயிரோடு இருப்பதே வீண் என்று நினைத்த நாட்கள் உண்டு.

பாலாவியில் ஒரு தேங்காய் லொறி ஏற்றிக்கொண்டது. கனமூலைத் திருப்பத்தில் இறக்கிவிட்டது. பின்னேர அஸர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். பள்ளிக்கு வெளியே, கைகால் கழுவி வுளூச் செய்யும் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்தேன். உள்ளே போகாமலேயே துஆக் கேட்டேன். "யா அல்லாஹ், இந்தக் கையை நீ சுகமாக்காவிட்டாலும் இந்தக் கையோடு உழைக்க ஒரு வழி தா. பிச்சை கேட்கிறவனாக்கி விடாதே." கையேந்திக் கேட்கவும் விரல்கள் நிமிரவில்லை.

பாங்கு சொல்லிவிட்டு வந்த மோதினார் கண்டுவிட்டார். "என்ன வாப்பா, வெளிய காவலா? பாங்கு கேக்கல்லயா?"

காரணத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டார். "ஏலாத கைய வெச்சிக்கிட்டு அல்லாவோட கோவமா? அந்தா, பின்னுக்குக் கதிரை. நின்டு தொழுங்க, சுஜூதுக்கு இரிந்து குனிங்க. ஏலாதவனுக்கு ஏலுமான மாதிரித்தான்."

கதிரையில் குனிந்தபோது அழுதுவிட்டேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்தவர் வலது மணிக்கட்டில் தகடு வைத்த பட்டி கட்டியிருந்தார். முந்தலில் ஓர் இறால் பண்ணையில் மேற்பார்வையாளர். தொழுகை முடிந்ததும் என் கையைப் பார்த்தார்.

"சின்ன விரலும் விறைக்கிதா?"

"இல்ல. அது மட்டும் நல்லம்."

"அப்ப எனக்கு வந்த அதே சாமான்தான்."

வீங்கிய மூட்டு, மணிக்கட்டுக்குள் போகும் நரம்பை நெரிப்பதால் வரும் விறைப்பு என்று அவருக்கு டொக்டர் சொல்லியிருந்தாராம். நான் குளிசையை விட்டதைச் சொன்னேன். "வீக்கத்த நீங்களே ஏத்திவிட்டுட்டு விரலுக்கு ஏசுறீங்க," என்றார்.

அடுத்த கிழமை அவரே கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். டொக்டரும் அதையே சொன்னார். வீக்கத்துக்கு மறுபடியும் குளிசை, உறங்கும்போது கட்ட இரண்டு பட்டி, வலது மணிக்கட்டில் ஓர் ஊசி. கைகள் முழுதாகச் சுகமாகவில்லை. பெருவிரலடிச் சதை வற்றியது வற்றியதுதான். சேர்ட் பொத்தான் போட இன்றும் நேரம் எடுக்கும். வலியில்லாத நாட்கள் குறைவு. ஆனால் உறங்குகிறேன். ஐந்து நேரமும் தொழுகிறேன். கிளினிக் நாளைத் தவறவிடுவதில்லை. அல்ஹம்துலில்லாஹ். உங்களில் யாராவது உடம்பு ஏலாமல் பள்ளிக்கு வெளியே இருந்தால், உள்ளே வாருங்கள். அல்லாஹ்விடம் கேளுங்கள். மருந்தையும் விடாதீர்கள். எனக்கான பதிலை அவன் பின்வரிசைக் கதிரையில் வைத்திருந்தான்.

டொக்டரைக் காணும் முன்பே, நான் கேட்ட உழைப்பு கிடைத்துவிட்டது. துஆக் கேட்ட அன்றிரவு பள்ளியிலேயே தங்கினேன். மறுநாள் சுபஹு தொழுகைக்குப் பிறகு அந்த மேற்பார்வையாளர் மோட்டார் சைக்கிளில் என்னை முந்தலுக்கு ஏற்றிப்போனார். "கை வேணாம். கால் இரிக்கா? தொண்டை இரிக்கா?" என்று கேட்டார். குளங்களில் இறாலைத் தின்ன நீர்க்காகம் இறங்கினால், வரம்பில் நடந்து சத்தம் போட்டு விரட்ட வேண்டும். அதுதான் வேலை. வெளிச்சம் வந்ததும் முதல் கூட்டம் களப்புத் தண்ணீர்ப் பக்கமிருந்து தாழப் பறந்து வந்தது. வரம்பில் ஓடி, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்துக் கத்தினேன். அவை தண்ணீரைத் தொடாமல் திரும்பின. நான் அடுத்த குளத்துக்கு நடந்தேன்.