முரசுக்கு வைத்த புகையிலை

இன்று ஆரையம்பதியில் பஸ் ஏறிய என் மச்சாள், பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். அழுகிய மீன் நாற்றம். ஈறு வீங்கி, பல்லிடுக்கெல்லாம் சீழ். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினேன்.

என் மகளின் கல்யாணத்தில் என்னைப் பார்த்து, "உன்ர வெத்திலை வாய் நாறுது" என்று ஊர் கேட்கச் சொன்னவள் இவள்தான்.

"பல்லு முரசு வீங்கிக் கஞ்சிதான் குடிக்கிறன் மச்சாள். பேரனும் கிட்ட வாறானில்ல" என்று அழுதாள்.

"மருந்து?"

"புகையிலை அடக்கிறன். நோவு தெரியாது."

"அதுதான்கா உன்ர முரசைத் தின்னுது. ஆசுபத்திரியில இறங்கு."

"டொக்டருக்கு வாயைக் காட்ட வெக்கமாக் கிடக்கு."

"எனக்குக் காட்டினாய்தானே, இறங்கு!"

இறங்கிப் போனாள். கல்யாண வீட்டுக் கதையை அவளுக்குச் சுகமான பிறகுதான் கேட்பேன். நீங்களென்றால் இன்றே கேட்டிருப்பீர்களோ? பதில் சொல்ல அவள் வாயைத் திறப்பாளே!