சண்முகலிங்கத்தார் கொண்டுவந்த பிறப்புச் சட்டம்

சண்முகலிங்கத்தாருக்கு வாழ்க்கையில் ஒரேயொரு ஆசை. எங்கள் புளியன்புலத்துக்காக, பக்கத்து ஊரான நாவற்குளாயுடன் நடக்கும் ஒரு கிண்ண ஆட்டத்தில் கோல் காக்க வேண்டும். ஊரில் இருந்த காலம் முழுக்க மேலதிக ஆட்டக்காரராக வாங்கில் குந்தியிருந்து தோடம்பழம் உரித்தவர் அவர். கோல் காத்தவன் நான். அந்தக் கடுப்பு அவருக்கு உள்ளூர இருந்தது.

அகதியாக வந்து இன்டர்லாக்கனில் ஒரு ஹோட்டல் குசினியில் கோப்பை கழுவினார். அங்கே சமையல் செய்த டோனல், அயர்லாந்தின் கெரி மாவட்டத்தான். அவனிடமிருந்துதான் மனிதருக்குக் கேலிக் கால்பந்து தொற்றியது. பந்தைக் காலாலும் அடிக்கலாம், கையாலும் பிடிக்கலாம். மாவட்டமும் மாவட்டமும் மோதும். ஆடுபவனுக்குச் சம்பளம் கிடையாது. 1887இல் போட்டி தொடங்கியது, கெரி முப்பது தரம் வென்றது, 1947இல் இறுதியாட்டத்தைப் புலம்பெயர்ந்தவர்களுக்காக நியூயோர்க்கிலேயே வைத்தது, எல்லாம் அவருக்கு மனப்பாடம். 1982இல் தொடர்ந்து ஐந்தாவது தரம் வெல்லவிருந்த கெரி கடைசி நிமிடங்களில் ஓஃபலி மாவட்டத்திடம் ஒரு புள்ளியால் தோற்ற கதையைக் கேட்டு, ஆறு வருசம் பிந்தி, பாத்திரத் தொட்டிக்குள் கண்ணீர் விட்டார். தன்னுடைய அகதி வழக்கு எப்போது என்று கேட்டால் மட்டும் திகதி தெரியாது.

1988 கோடையில் எங்களுக்கும் நாவற்குளாயாருக்கும் பீல் நகரத்தில் ஒரு கிண்ண ஆட்டம் ஏற்பாடானது. அவர்கள் வில் நகரத்தில் இருந்து செபஸ்ரியனை இறக்கப்போவதாகக் கதை அடிபட்டது. செபஸ்ரியன் மன்னாரான். அவன் அடித்தால் வலை கிழியும். இரண்டு ஊராரும் கூடிய கூட்டத்தில் சண்முகலிங்கத்தார் எழுந்தார்.

"அயர்லாந்தில நூறு வருசமா ஒருத்தன் தன்ர மாவட்டத்துக்குத்தான் விளையாடுறான். இஞ்சையும் பிறந்த ஊருக்குத்தான் விளையாட வேணும். பிறப்புப் பத்திரம் காட்ட வேணும்!"

"பத்திரம் காட்டச் சொல்லி டோனல் சொன்னவனோ அண்ணை?" என்று கேட்டேன்.

"இரண்டும் ஒண்டுதான்" என்றார்.

கூட்டத்துக்கு வந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் எங்கள் ஊரார். சட்டம் நிறைவேறியது.

ஆட்டத்தன்று இரண்டு ஊராருக்கும் பொதுவான தில்லைநாயகி ரீச்சர் மைதானத்தின் ஓரத்தில் மேசை போட்டுப் பத்திரங்களைப் பார்த்தார். செபஸ்ரியனின் பெயரை வெட்டினார். சண்முகலிங்கத்தார் கைதட்டினார். அடுத்தது அவருடைய பத்திரம்.

"பிறந்த இடம், நாவற்குளாய் ஆஸ்பத்திரி" என்று ரீச்சர் வாசித்தார்.

எங்கள் ஊரில் கோயில் நாலு, வாசிகசாலை மூன்று. பிள்ளைப்பேற்று வாட்டு மட்டும் இல்லை. எங்கள் பதினாலு பேரில் பதின்மூன்று பேரைப் பெற, தாய்மார் எதிரியின் ஊருக்குத்தான் போயிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி போக அவகாசம் கொடுக்காமல் வீட்டிலேயே பிறந்தவன் நான் ஒருவன்தான்.

ரீச்சர் சிரிக்காமல் சொன்னார்: "சட்டத்தை எடுத்துவிடுவம். இல்லாட்டி நாவற்குளாய் ஏ, நாவற்குளாய் பி எண்டு பிரிச்சு விளையாடுங்கோ. கொண்டுவந்தது நீங்கள், நீங்களே சொல்லுங்கோ அண்ணை."

சட்டம் போனால் கோலில் நான், வாங்கில் அவர். சட்டம் இருந்தால் நான் வெளியே, கோலில் அவர், ஆனால் நாவற்குளாயின் பெயரில். மனிதர் என்னைப் பார்த்தார். கோல் கம்பத்தைப் பார்த்தார்.

"சட்டமெண்டால் சட்டம்தான்."

நாவற்குளாயாரின் பழைய நீலச் சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டார். மற்றப் பன்னிரண்டு பேரும் ஆளுக்கொன்றை வாங்கினார்கள்.

"அண்ணை, ஊரையே வித்துப்போட்டியள்!" என்று கத்தினேன்.

"நான் எங்க வித்தனான்? பத்திரம் சொல்லுது."

உண்மையைச் சொன்னால் நன்றாகவே காத்தார். கடைசி நிமிடத்தில் வந்த பெனால்டியை அவர் இரண்டு கையாலும் அள்ளியபோது நான் துள்ளியெழுந்து கூவிவிட்டேன். பொறாமையாகவும் இருந்தது, சந்தோசமாகவும் இருந்தது. நாவற்குளாய் பி இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. கிண்ணத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மனிதர் குழந்தைபோல அழுதார்.

படம் எடுக்க எல்லோரும் வரிசையாக நின்றார்கள். நானும் ஓரத்தில் போய் நின்றேன். சண்முகலிங்கத்தார் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கமராவை நீட்டினார்.

"தம்பி, நீ புளியன்புலம். படத்தை நீ எடு."

எடுத்தேன். அந்தப் படத்தை எங்கள் ஊர்ச் சங்கத்தார் சுவரில் மாட்டி, கீழே 'புளியன்புலத்தின் வெற்றி வீரர்கள்' என்று எழுதியிருக்கிறார்கள். புளியன்புலத்தில் பிறந்த ஒருவன்கூட அதில் இல்லை.