பீரோவுக்கு இடமிருந்த லாரி

சபையில் எழுந்து நின்று இதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அதனால் எழுதித் தருகிறேன். ஆண்டவர் என் வீட்டுக்காரரின் உயிரைக் காத்தார். அதைச் சொல்லப் போனால் என் கூடப்பிறந்த அக்காவைப் பற்றியும் சொல்லாமல் முடியாது.

எழுபதுகளின் கடைசி. நாகர்கோவில் பக்கமிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்த நாங்கள் வலியதுறையில், கடலை ஒட்டிய லைன் வீட்டில் இருந்தோம். எங்களுக்கும் அக்கா வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அத்தானுக்கு ஒரு கிடங்கில் வேலை. அங்கே காற்றழுத்தம் காட்டும் பாரோமீட்டர் உண்டு. முள் இறங்கினால் புயல் வருகிறதென்று அத்தான் வந்து சொல்வார், லைனே சாமான் கட்டும். கடலைப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு விட்டுப்போயிருந்தது. அத்தான் வாயைத்தான் பார்த்தோம்.

அந்த ஐப்பசியில் என் வீட்டுக்காரர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து, இடுப்பிலிருந்து கால் வரை மாவுக்கட்டோடு கிடந்தார். ஒரு மத்தியானம் அக்கா வாசலில் லாரி நின்றது. கட்டில், பீரோ, கோழிக்கூடு எல்லாம் ஏறின. கரமனையில் வேறு வீடு பார்த்திருக்கிறோம் என்றார் அத்தான். வானம் கறுத்திருக்கிறதே, முள் எப்படி என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நானும் மடச்சி மாதிரி பாத்திர மூட்டையைத் தூக்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் கடல் மதிலைத் தாண்டி வந்தது. கட்டில் கால் முங்கியது. லைனில் எல்லாரும் ஓடிவிட்டார்கள். இவரை என்னால் அசைக்கக்கூட முடியவில்லை. என்னைப் போகச் சொன்னார். நான் தண்ணீரிலேயே முழங்கால் போட்டேன். அத்தானைத் திருப்பி அனுப்பும் ஆண்டவரே என்று பெயர் சொல்லியே கேட்டேன். அவர் வரவில்லை. நீரும் கைவிட்டீரா என்று கோபமாகவே அழுதேன்.

வந்தது பிலோமி. மீன் விற்கிறவள். நாற்றமென்று அக்கா படி ஏறவிடாதவள். தம்பிகள் இரண்டு பேரோடு, துடுப்பில் வலையைத் தொட்டில் மாதிரி கட்டிக்கொண்டு வந்தாள்.

"மோளே, கடல் கேறி வருது. ஆளைப் பிடி, நமக்குப் போவாம்."

பள்ளிக்கூட மாடியில் எங்களுக்கு விடிந்தது. வீடு இருந்த இடத்தில் மணல்தான் கிடந்தது.

கிடங்கில் யாரும் அதுவரை காணாத அளவுக்கு முள் இறங்கியிருந்ததாம். அத்தான் காலையிலேயே பார்த்துவிட்டாராம். கூட வேலை செய்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். நேரே கரமனைக்குப் போய் அக்காவிடம் கேட்டேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்று.

"சொன்னா ஒனக்க மாப்பிளயையும் ஏத்தணும்னு நிப்ப. படுத்துக் கெடக்க ஆள ஏத்துனா பீரோவ எங்க வைக்க?" என்றாள்.

இவர் இப்போது நடக்கிறார், வேலைக்கும் போகிறார். ஸ்தோத்திரம். அன்றிலிருந்து நான் ஆள் பெயர் சொல்லி உதவி கேட்பதில்லை. யாரை அனுப்புவது என்பதை ஆண்டவரிடமே விட்டுவிடுகிறேன். நீங்களும் அப்படி விட்டுப் பாருங்கள், அவர் வெட்கப்படுத்த மாட்டார்.

அக்காவை மன்னித்தாயா என்று கேட்கிறார்கள். இல்லை. மன்னிக்க ஒரு மனசு தாரும் என்று தினமும் கேட்கிறேன். தண்ணீரில் நின்று கேட்டதற்கு அன்றைக்கே பதில் வந்தது. இதற்கு இன்னும் வரவில்லை. எனக்காக நீங்களும் கேளுங்கள்.